கவந்தி: ஓரத்தில் தொடங்கி நடுவில் முடியும் தையல்

கவந்தி என்பது கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்திப் பெண்கள் பழந்துணிப் பிட்டுகளை அடுக்கிக் கையால் தைக்கும் விரிப்பு. எல்லாப்பூர், ஹளியால், முண்டகோடு வட்டாரங்களின் காட்டோர ஊர்களில் சித்திகள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். பலருடைய முன்னோர் போர்த்துகீசியர் ஆண்ட கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தப்பி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் ஒதுங்கியவர்கள். 2003இல் அம்மாவட்டச் சித்திகள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். மழைக்கால ஈரத்துக்கும் குளிருக்கும் கீழே விரிக்கவும் மேலே போர்த்தவும் வீட்டிலேயே பிறந்த பொருள் கவந்தி.

மற்ற ஒட்டுத்துணி வேலைகளிலிருந்து இதைப் பிரிப்பது தைக்கும் வரிசை. மேலைநாட்டு முறையில் பிட்டுகளை அளந்து வெட்டி, ஒன்றோடொன்று மூட்டி, முதலில் மேல்விரிப்பைத் தயாரிப்பார்கள். அதன்பின் நடுவே பஞ்சும் அடியில் துணியும் வைத்து மூன்றையும் சேர்த்துத் தைப்பார்கள். கால் அங்குல மூட்டு சற்றே பிசகினாலும் மூலைகள் பொருந்தாது. கவந்தியில் மூட்டுவதும் சேர்த்துத் தைப்பதும் ஒரே வேலை. அடித்துணியாகப் பெரும்பாலும் பழைய புடவையே இருக்கும். அதன் ஒரு மூலையில் பிட்டை வைத்து, இரண்டின் விளிம்புகளையும் உள்ளே மடித்து, தடித்த பருத்தி நூலால் ஓட்டுத் தையல் போடத் தொடங்குகிறார்கள். நான்கு ஓரங்களையும் சுற்றிவந்த ஊசி, அடுத்த சுற்றில் சற்று உள்ளே தள்ளிப் போகிறது. பிட்டு தீரும் இடத்தில் அடுத்த பிட்டு விளிம்பு மடிக்கப்பட்டு அதன்மேல் ஏறுகிறது. முந்தைய பிட்டின் பிசிறு அடியில் மறைந்துவிடுகிறது. இப்படியே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து தையல் முடிகிறது.

இதில் வரைபடம் கிடையாது. அடுத்து எந்த நிறம் என்பதைக் கையில் எடுத்த பிட்டும் அதற்குப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் நிறமும் முடிவு செய்கின்றன. பழுப்பேறிய சட்டைத் துணிக்கு அருகில் ரவிக்கைப் பிட்டின் சுடர்ச் சிவப்பு வந்து உட்காரும்போது கிடைக்கும் அதிர்வு, அளந்து வெட்டிய விரிப்புகளில் அரிதாகவே கிடைக்கும். கிறித்தவச் சித்திகளின் விரிப்புகளில் சிலுவையும் முஸ்லிம் சித்திகளின் விரிப்புகளில் பிறையும் இடம்பெறுவதுண்டு. வேலை முடிந்ததும் நான்கு மூலைகளிலும் சிறு துணிகளை முக்கோணமாக மடித்து அடுக்கித் தைக்கிறார்கள். இதற்குப் பூலா, அதாவது பூ, என்று பெயர். பூலா இல்லாத கவந்தி அம்மணமாக இருப்பதாகவே அப்பெண்கள் கருதுகிறார்கள்.

நல்ல கவந்தியை அடையாளம் காண அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முன்பக்கத்தில் நிறங்கள் கண்ணைப் பறித்துவிடும். பின்பக்கத்துப் புடவையில் நூல் மட்டுமே தெரியும்: சதுரத்துக்குள் சதுரமாகச் சுருங்கிக்கொண்டே போகும் கோடுகள். அவற்றின் இடைவெளி சீராக இருந்தால் கை தேர்ந்தது. அடுத்துப் பார்க்க வேண்டியது நடுப்பகுதி. ஓரத்திலிருந்து தைத்துவருவதால் துணியின் தொய்வெல்லாம் உள்நோக்கித் தள்ளப்படுகிறது. அந்தத் தொய்வைச் சுற்றுக்குச் சுற்று நீவிக் கரைக்கத் தெரியாவிட்டால் நடுவில் புடைத்து நிற்கும். துவைத்தபின் மேற்பரப்பு முழுவதும் எழும் மெல்லிய சுருக்கம் குற்றமல்ல, அதுவே கவந்தியின் தோல்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கலை வரலாற்றாளர் ஹென்றி ட்ரூவல் 2004இல் சித்திப் பெண்களின் கூட்டுறவு அமைப்பு ஒன்று உருவாகத் துணைநின்றார். 2011இல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் இந்த விரிப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. வங்கத்தின் காந்தா, பீகாரின் சுஜனி, மராட்டியத்தின் கோதடி ஆகியவையும் பழந்துணியில் ஓட்டுத் தையலால் வளர்ந்தவையே. தமிழ்நாட்டில் பிட்டுத் துணியில் தைக்கும் சுருக்குப்பை உண்டு. பல அறைகள் வைத்து, இழுகயிறு கோத்து, பாட்டிமார் கையால் தைத்த அந்தப் பைக்கு உரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.

கவந்தி முறை சிறிய பொருள்களுக்கு மிகவும் ஏற்றது. சித்திகளின் சிறிய கவந்திகளே, குறிப்பாகக் குழந்தைக்கானவை, பெரும்பாலும் அதிக நுணுக்கம் கொண்டவை. உட்காரும் விரிப்பு, சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணி, பை ஆகியவற்றில் தொடங்கலாம். பழகிய பருத்தியே சிறந்தது; ஊசி எளிதாக இறங்கும். நைலான் வழுக்கும். சாயம் விடும் சிவப்பு, நீலப் பிட்டுகளை முன்கூட்டியே அலசிவிட வேண்டும். தையல் இழுப்பில் துணி சுருங்கும் என்பதால், அடித்துணியை வேண்டிய அளவைவிட இரண்டு அங்குலமாவது கூடுதலாக வெட்டுவது நல்லது. முதல் முயற்சிக்கு ஒரு முழச் சதுரம் போதும்.

தையல் எந்திரமோ மின்சாரமோ இதற்கு வேண்டாம். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து, மார்கழியில் குளிரும் கொல்லிமலை போன்ற இடங்களுக்கு இந்தக் கலை பொருந்தும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அங்கே வரும் பயணிக்கு மிளகும் தேனும் பலாவும் விற்கும் மகளிர் குழுக்கள், தையற்கடைப் பிட்டுகளில் தைத்த ஒரு முழ விரிப்பையும் அவற்றின் அருகில் வைத்துப் பார்க்கலாம்.