தேவிக்கு வசனம் இல்லை



இரண்டு மாதமாக ஒரு மின்னஞ்சலுக்காகக் காத்திருக்கிறேன். பதினாறு ஆண்டு வகுப்பறையில் நின்ற பிறகு, பகுதிநேரமாக முதுகலை படிக்கலாம் என்று ஆசை வந்தது. விண்ணப்பம் போட்டேன், நேர்காணலுக்கும் கூப்பிட்டார்கள். முடிவு மட்டும் இன்னும் வரவில்லை. காலையில் எம்ஆர்டியில் ஏறியதும் கைப்பேசியைப் பார்ப்பது, இடைவேளையில் பார்ப்பது, மாணவர் கட்டுரை திருத்தும்போது நடுவில் ஒருமுறை பார்ப்பது என்று ஆகிவிட்டது. உங்களில் சிலர் இதைக் கடந்து வந்திருப்பீர்கள், சொல்லத் தேவையில்லை.

என் ஆய்வுத் தலைப்பு நாடகப் பிரதிகள் பற்றியது. நேர்காணலில் இருந்த ஒரு பேராசிரியர் கோபமில்லாமல், அக்கறையாகவே கேட்டார்: "நாடகம் நிகழ்கலையாச்சே. நீங்க ஏன் இலக்கியத் துறைக்கு வந்தீங்க?" நான் "முத்தமிழில் நாடகமும் ஒண்ணு சார்" என்று ஒரு பதில் சொன்னேன். அவர் சிரித்தார். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும். இயலும் இசையும் நாடகமும் மூன்று என்று பிரித்ததே, நாடகம் இயல் இல்லை என்று சொல்வதற்கும் உதவுமே! அவர் கையில் நானே கத்தியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஆசிரியர் அறையில் இந்தக் கேள்வியைப் போட்டேன். எங்கள் துறையில் மூத்தவரான ஐயா ஒருவர் உடனே பிடித்துக்கொண்டார். "ஏம்மா, பெர்னார்ட் ஷாவுக்கு இலக்கிய நோபல் கொடுத்தாங்க, ஓனீலுக்குக் கொடுத்தாங்க, 2005-ல ஹெரால்ட் பின்ட்டருக்குக் கொடுத்தாங்க. இதைச் சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஒரு குழு பரிசு கொடுத்தது என்பது எப்படிக் காரணமாகும்? எதிர்ப்பக்கத்துக்கும் பெரிய பெயர்கள் உண்டு. ஆக்ஸ்ஃபர்டில் நூலகம் அமைத்த தாமஸ் போட்லி, அச்சான நாடகங்கள் தம் நூலகத்துக்குள் வரக்கூடாது என்று நினைத்தவர். அவர் மறைந்து பத்தாண்டுக்குப் பிறகு, 1623-இல் ஷேக்ஸ்பியரின் நாடகத் தொகுதி அச்சாகி அந்த நூலகத்துக்கும் ஒரு பிரதி போனது. பின்னால் அதையும் கைவிட்டார்கள். அதே பிரதியை 1906-இல் 3,000 பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். பரிசோ நூலகமோ இந்த வழக்கைத் தீர்க்காது. பிரதியைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, பிரதியைப் பார்ப்போம். நமக்கெல்லாம் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை.

தமிழ்மொழி மாதத்துக்காக உயர்நிலை மூன்று மாணவர்களை வைத்து அந்தக் காதையைச் சின்ன நாடகமாகப் போட்டோம். கண்ணகிக்கு ஐந்து பேர் கை தூக்கினார்கள், பாண்டியனுக்கு மூன்று பேர். கோப்பெருந்தேவிக்கு யாருமே இல்லை. கடைசியில் அமைதியான ஒரு பெண்ணை நானே நிறுத்தினேன். இரண்டாம் ஒத்திகையில் அவள் வந்து சொன்னாள்: "டீச்சர், எனக்கு வசனமே இல்லையே. நான் சும்மா நிக்கிறேன்."

"அப்படியெல்லாம் இல்லம்மா, நீ அரசி" என்று ஏதோ சமாதானம் சொன்னேன். வீட்டுக்குப் போய் மூலத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. அந்தப் பெண் சொன்னது சரி. காதையின் தொடக்கத்தில் தேவி தான் கண்ட கெட்ட கனவுகளைச் சொல்கிறாள், பிறகு அரசனிடம் போகிறாள். அவன் அரியணையில் இருக்கும்போது வாயிற்காவலன் வந்து கண்ணகியைப் பற்றிச் சொல்கிறான். அதற்குப் பின் வழக்கு முடியும்வரை தேவி பேசுவதே இல்லை. ஆனால் போய்விட்டாள் என்றும் இல்லை. அரசன் விழுந்தபின் அவள் நடுங்கி, அவன் அடியைத் தொழுது விழுகிறாளே, அப்படியென்றால் இவ்வளவு நேரமும் அங்கேயேதான் இருந்திருக்கிறாள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த அவையில் பேசப்படும் பொருள் யாருடையது? தேவியின் சிலம்பு. திருட்டுப் போனது அவளுடையது. கோவலன் வெட்டுப்பட்டது அவள் சிலம்பின் பெயரால். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி, நம்முடையது முத்து என்கிறான் பாண்டியன். அந்தச் சிலம்பைக் காலில் அணிந்து நடந்தவள் பக்கத்தில் இருக்கிறாள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிலம்பைக் கொண்டுவரச் சொல்கிறான், கொண்டுவந்து வைக்கிறார்கள், கண்ணகி உடைக்கிறாள், மணி அரசன் முகத்தில் தெறிக்கிறது. அந்தச் சில நொடிகளில் தேவியின் முகம் எப்படி இருந்திருக்கும்?

கதையாகப் படிக்கும்போது இந்தக் கேள்வி எழுவதில்லை. கண் பேசுகிறவர் பின்னாலேயே ஓடும். இவ்வளவு ஆண்டு இந்தக் காதையை நடத்திய நான் தேவியை இறுதி வரிகளில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மேடையில் ஒரு பெண்ணை நிறுத்தி, "நான் சும்மா நிக்கிறேன்" என்று அவள் சொன்ன பிறகுதான் அந்த மௌனம் எனக்குக் கேட்டது. ஒன்றைக் கவனியுங்கள், அந்த மௌனத்தை எங்கள் நாடகம் கண்டுபிடித்துச் சேர்க்கவில்லை. அது பிரதியிலேயே இருக்கிறது.

நாடகம் இலக்கியமா என்ற கேள்விக்கு என் பதில் இங்கேதான் தொடங்குகிறது. பேசாதவரையும் எழுதத் தெரிந்த பிரதி இலக்கியம். யாரெல்லாம் அங்கே இருக்கிறார்கள், யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், யார் வாய் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே நாடகம் எழுதுகிறது. அதைப் படிப்பது ஒரு தனி வாசிப்பு. நாவல் படிப்பதைப் போல அல்ல.

இது தமிழுக்கு வெளியிலிருந்து வந்த யோசனையும் இல்லை. நம் அகப்பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். அத்தனையும் கூற்று. தலைவி சொன்னது, தோழி சொன்னது, செவிலி சொன்னது. பாட்டுக்குள் புலவர் வந்து கதை சொல்வதே கிடையாது. 'தலைவன் சிறைப்புறத்தானாக' என்று துறைக்குறிப்பு இருக்குமே, அதை மாணவர்களுக்கு எப்படி விளக்குகிறீர்கள்? வேலிக்கு வெளியே தலைவன் நிற்கிறான். அவன் நிற்பது தோழிக்குத் தெரியும். தெரியாதவள் போலத் தலைவியிடம் பேசுகிறாள். பேச்சு தலைவிக்கு, குத்து தலைவனுக்கு. அவனுக்கு ஒரு சொல்கூட இல்லை, ஆனால் அவன் இல்லாமல் அந்தப் பாட்டே இல்லை. மேடைக் குறிப்பு என்றால் இதுதானே? தொல்காப்பியர் அகப்பாடலைப் பற்றிப் பேசும்போது 'நாடக வழக்கு' என்ற சொல்லை எடுத்தது சும்மா இல்லை. நேர்காணலில் இதைச் சொல்லியிருக்க வேண்டும். பேருந்தில் வரும்போதுதான் நினைவுக்கு வந்தது. எப்போதும் அப்படித்தானே.

மனோன்மணீயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1891-இல் சுந்தரம் பிள்ளை எழுதிய அந்த நாடகத்தை இலக்கியம் இல்லை என்று எந்தத் துறையும் சொல்லாது. செய்யுளில் இருக்கிறது, வாசிப்பதற்கென்றே எழுதியது, அதன் வாழ்த்துப் பகுதி தமிழ்நாட்டின் அரசு வாழ்த்துப் பாடலாகவும் ஆகிவிட்டது. ஆனால் அதே காலத்தையொட்டி மேடைக்காகவே எழுதிக் குவித்த சங்கரதாஸ் சுவாமிகளையும் பம்மல் சம்பந்த முதலியாரையும் 'நாடக வரலாறு' என்ற பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறோம். மேடையை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு இலக்கியம் என்ற ஒரு கணக்கு நமக்குள் ஓடுகிறது. இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. நடிக்கச் சிரமமாக இருப்பது ஒரு நாடகத்துக்கு எப்படித் தகுதியாகும்?

நம்மூருக்கு வருகிறேன். புதுமைதாசன் என்ற பி. கிருஷ்ணனின் 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' 1960களின் இறுதியில் வானொலியில் தொடராக வந்தது. கம்பத்திலிருந்தும் கடைவீடுகளிலிருந்தும் மக்கள் வீவக அடுக்குமாடிகளுக்குக் குடிபோன காலம். பின்னால் அது நூலாக வந்தது. 2008-இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. அந்த நூலை நான் முதலில் தனியாக உட்கார்ந்து மௌனமாகப் படித்தேன். உண்மையைச் சொல்கிறேன், சுமாராகத்தான் இருந்தது. வர்ணனை இல்லை, உள்மனம் இல்லை, பேச்சு பேச்சாகப் போகிறது. பேராசிரியர் சொன்னது சரியோ என்று ஒரு சந்தேகம்கூட வந்தது.

பிறகு அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதை வானொலியில் கேட்டவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பாத்திரத்தை அவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொன்றை நான் படித்தேன். மூன்றாவது பக்கத்தில் இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. நான் தட்டையானது என்று நினைத்த வரிகள் எல்லாம் இன்னொருவர் பேச்சை வெட்ட எழுதப்பட்டவை. ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் நுழைய வேண்டும். அந்த வேகம் தாளில் தெரியாது, காதில்தான் தெரியும். மௌனமாகப் படித்த நான் ஒரு பாட்டின் சொற்களை மெட்டில்லாமல் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். குறை நூலில் இல்லை.

இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம். குரல் கொடுத்தால்தான் உயிர் வரும் என்றால் அது பாதிப் பிரதிதானே? ஆமாம், பாதிதான். ஆனால் கம்பனையும் வாய்விட்டுப் படிக்காமல் ரசிக்க முடியுமா? வாசகரிடம் பாதி வேலையைக் கேட்பதால் ஒன்று இலக்கியத்திலிருந்து விலகிவிடும் என்றால், நம் கையில் மிஞ்சுவது மிகவும் கொஞ்சம்.

அதற்காக எல்லா நாடகமும் இலக்கியம் என்று நான் வாதாடவில்லை. நாம் போட்டிகளுக்கு எழுதுகிறோமே, அவற்றைச் சொல்லுங்கள். நானும் ஏழெட்டு எழுதியிருக்கிறேன், அதனால் உரிமையோடு திட்டலாம். தாத்தாவும் பேரனும் ஒரே தமிழ் பேசுவார்கள், அது தமிழாசிரியரின் தமிழ். கைப்பேசியால் கெட்டுப்போன பிள்ளை ஐந்தாவது நிமிடத்தில் அழும், எட்டாவது நிமிடத்தில் திருந்தும். மேடையில் யாராவது சும்மா நின்றால் நமக்குப் பயம் வந்துவிடும், "இந்தப் பிள்ளைக்கும் ஒரு வரி கொடுங்க, பெற்றோர் வருவாங்க" என்போம். எல்லாரும் மனதில் இருப்பதை முழுக்கச் சொல்லிவிடுவதால், படிக்கிறவருக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமிருப்பதில்லை. அந்தப் பேராசிரியர் கண்ட நாடகங்கள் இப்படிப்பட்டவையாக இருந்தால் அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

வகுப்பிலும் நாடகத்தை நாம் நாவலாகத்தான் நடத்துகிறோம். கதைச்சுருக்கம், பாத்திரப்படைப்பு, கருப்பொருள். 'இந்தக் காட்சியில் யார் பேசவில்லை, ஏன்?' என்று ஒரு வினாத்தாளில் நான் கேட்டதே இல்லை. நீங்கள் கேட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள், மாணவர்கள் என்ன எழுதினார்கள் என்று பார்க்க ஆசை.

இன்னொன்று மனதை உறுத்துகிறது. அரங்கேற்று காதை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடைக்கு அளவு சொல்கிறது. மூன்று வகைத் திரை சொல்கிறது, தூணின் நிழல் ஆடுகிற இடத்தில் விழாதபடி விளக்கு வைக்கச் சொல்கிறது. இவ்வளவு நுணுக்கமாக மேடை கட்டியவர்கள் அதில் நடித்த பிரதி ஒன்றுகூட நம் கையில் இல்லை. உரை எழுதிய அடியார்க்கு நல்லார் காலத்திலேயே முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் போன்ற நாடக நூல்கள் சிதைந்துவிட்டன என்று அவரே வருந்துகிறார். மேடைக்கு அளவு மிஞ்சியது, பேச்சு போய்விட்டது.

இங்கே சிங்கப்பூரில் நாம் கொஞ்சம் விழித்துக்கொண்டோம். 2015-இல் இலக்கிய நூல்களுக்கு மின் தொகுப்பு வந்தது, பிறகு நாடகத்துக்கென்று தனித் தொகுப்பு ஒன்றும் வந்தது. இரண்டும் தேசிய நூலகத்தின் வழியாக யாரும் பார்க்கலாம். இலக்கியம் ஒரு பெட்டி, நாடகம் ஒரு பெட்டி என்று பிரித்திருப்பதைப் பார்த்து என் மூத்த ஐயா, "பாத்தியா, அவங்களும் அப்படித்தான் நெனக்கிறாங்க" என்றார். இருக்கட்டும் ஐயா. பெட்டிக்குள் இருந்தால் போதும், பெயர் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளி நாடகங்கள்தான் எந்தப் பெட்டியிலும் இல்லை. ஏப்ரல் முடிந்ததும் பிரதிகளைக் கிழித்து மறுசுழற்சித் தொட்டியில் போடுகிறோம். போன வாரம் எங்கள் பள்ளிப் பொருளறையைச் சுத்தம் செய்தபோது தட்டச்சில் அடித்த பழைய நாடகம் ஒன்று கிடைத்தது. எழுதியவர் பெயரில்லை, முதல் பக்கமும் இல்லை. இரண்டாம் காட்சியில் ஒரு பாட்டி வாசலில் உட்கார்ந்திருக்கிறாள், வீடு மாறுகிறார்கள், எல்லாரும் சாமான் கட்டிக்கொண்டே பேசுகிறார்கள். பாட்டி கடைசிவரை ஒன்றும் பேசவில்லை. அடைப்புக்குறிக்குள் ஒரே குறிப்பு, அவள் சாவியைக் கையில் வைத்திருக்கிறாள் என்று.

இதை எழுதியவர் ஒரு தமிழாசிரியராகத்தான் இருக்க வேண்டும். உங்களில் யாருக்காவது இந்த நாடகம் நினைவிருந்தால், அல்லது உங்கள் அலமாரியில் இதுபோல ஏதாவது கிடந்தால், தயவுசெய்து எறியாதீர்கள். சங்கத்துக்குச் சொல்லுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வருகிறேன்.

வழக்குரை காதையை ஜூலையில் மறுபடியும் போடுகிறோம். அந்தப் பெண்ணிடம் தேவி எங்கே நிற்க வேண்டும் என்று அவளையே முடிவு செய்யச் சொன்னேன். அரசனுக்குப் பக்கத்தில் வேண்டாம் டீச்சர், சிலம்பை வைக்கிற இடத்துக்கு நேர் எதிரில் நிற்கிறேன் என்கிறாள்.