வண்டி "யார்" என்று கேட்கிறது, "எங்கே" என்று கேட்பதில்லை

ரெண்டு வருஷம் முன்னாடி சேலையூரில் எங்க தெருவில், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருத்தர் என்னை நிறுத்திக் கேட்டார். "தம்பி, கார் சாவியை சில்வர் பேப்பர்ல சுத்தி வைக்கணுமாமே, வாட்ஸப்ல வந்துச்சு. நிஜமா?" நான் மென்பொருள்காரன் தோரணையில் சிரிச்சுக்கிட்டே சொன்னேன்: "அதெல்லாம் வேண்டாம் சார். உள்ளே ரோலிங் கோடு இருக்கு, ஒவ்வொரு தடவையும் மாறும். காப்பி அடிக்க முடியாது." அதையே ஒரு குறிப்பாக இங்கே எழுதியும் வைத்தேன். அந்தக் குறிப்பை இப்போது திரும்பப் பெறுகிறேன். ரோலிங் கோடு பற்றிச் சொன்னது சரிதான், ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. நான் பார்த்த பிரோஷர்கள், யூடியூப் விளக்கங்கள், ஷோரூம் பையன்கள் சொல்வது எல்லாவற்றிலும் இதே குழப்பம் இருக்கு. அதனால் இந்த விமர்சனம் என்னையும் சேர்த்துத்தான்.

குழப்பத்துக்குக் காரணம், ஒரே பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மூணு தனித்தனி ஏற்பாடு இருப்பது. முதலாவது, பட்டனை அமுக்கினால் வேலை செய்யும் ரிமோட். சாவி 433 மெகாஹெர்ட்ஸில் ஒரு செய்தியை அனுப்பும், வண்டி கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். ஒருவழிப் பேச்சு. ரெண்டு பக்கமும் ஓர் எண்ணி ஓடுகிறது. பழைய எண்ணை வண்டி ஏற்காது. ரோலிங் கோடு என்பது இதற்கு மட்டும்தான். அதிலும் ஓட்டை உண்டு: 2015-ல் சாமி கம்கர் என்பவர் சுமார் 32 டாலர் செலவில் ரோல்ஜாம் என்று ஒரு கருவி செய்து, நீங்கள் அமுக்கிய செய்தி வண்டிக்குப் போகாமல் தடுத்து, பிடித்து வைத்துப் பிறகு பயன்படுத்திக் காட்டினார்.

மூணாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். இம்மொபிலைசர் சிப். இதற்கு பேட்டரி வேண்டாம். சாவியில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்துப்போனால், சாவியை ஸ்டார்ட் பட்டனில் ஒட்டி வைத்து அமுக்கச் சொல்கிறார்களே, அப்போது வேலை செய்வது இதுதான்.

நடுவில் இருக்கும் ரெண்டாவதுதான் விஷயம். சாவி பையிலேயே இருக்கும், கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும். இங்கே பேச்சை ஆரம்பிப்பது வண்டி. கதவில் உள்ள ஆன்டெனா 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு தாழ் அதிர்வெண் காந்தப்புலத்தைப் பரப்பும். அது ஒண்ணு ரெண்டு மீட்டருக்கு மேல் போகாது. அதைக் கேட்டு சாவி விழித்துக்கொண்டு, வண்டி கொடுத்த புதிருக்கு ரகசியச் சாவியால் விடை கணக்கிட்டு, 433-ல் திருப்பி அனுப்பும். விடை சரி என்றால் கதவு திறக்கும். உள்ளே உட்கார்ந்து பட்டனை அமுக்கும்போது இதே பேச்சு கேபினுக்குள் உள்ள ஆன்டெனாக்கள் வழியாக இன்னொரு தடவை நடக்கும்.

இதில் "சாவி பக்கத்தில் இருக்கிறதா" என்று வண்டி எங்கே சோதிக்கிறது? எங்கேயும் இல்லை! தாழ் அதிர்வெண் தூரம் போகாது, அதனால் பதில் வந்தால் சாவி பக்கத்தில்தான் இருக்கணும் என்று ஊகிக்கிறது. அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் ஒருத்தர் ரகசியச் சொல் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட் முன்னால் நிற்பவன் அந்தக் கேள்வியை செல்போனில் நாலாவது மாடியில் இருப்பவருக்குக் கேட்க வைத்து, அவர் சொல்லும் பதிலை ஸ்பீக்கரில் போடுகிறான். சொல் சரி, குரலும் சரி. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடுகிறார். ரகசியச் சொல் எவ்வளவு கடினம் என்பது இங்கே சம்பந்தமே இல்லாத விஷயம். ரிலே தாக்குதல் இதுதான். எந்தக் குறியாக்கத்தையும் யாரும் உடைக்கவில்லை.

2011-ல் சூரிக் ஈடிஹெச்சில் ஃப்ரான்சியோன், டானெவ், சாப்குன் மூவரும் இதைச் செய்து பார்த்து எழுதிய கட்டுரையை நான் அந்தக் குறிப்பை எழுதும் முன் படித்திருக்க வேண்டும். எட்டு நிறுவனங்களின் பத்து வண்டிகள், பத்தும் திறந்தன, ஸ்டார்ட்டும் ஆயின. 60 மீட்டர் கேபிள் போட்டுப் பார்த்தார்கள், வயர் இல்லாமலும் பார்த்தார்கள். சாவியில் இருந்து எட்டு மீட்டர் தள்ளி நின்றாலே அதை எழுப்ப முடிந்தது. என்னை உட்கார வைத்தது இன்னொரு எண். பதில் எவ்வளவு தாமதமாக வந்தால் வண்டி மறுக்கும் என்று அளந்திருக்கிறார்கள். ரொம்பக் கறாரான வண்டியே சுமார் 35 மைக்ரோசெகண்ட் பொறுத்துக்கொண்டது. மற்றவை அதைவிட அதிகம். 35 மைக்ரோசெகண்டில் ஒளி பத்து கிலோமீட்டருக்கு மேல் போகும். போய் வர என்று பாதியாக்கினால் அஞ்சு கிலோமீட்டர். அதாவது வண்டி தாம்பரத்தில், சாவி குரோம்பேட்டையில் இருந்தாலும், நேரக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் அது "பக்கத்தில்தான்"!

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் அரை கிரவுண்டு வீடுகள்தான் அதிகம். காம்பவுண்டுக்குள் ரெண்டு பைக் நின்றாலே இடம் முடிஞ்சுது, கார் தெருவில். சாவி? வாசக்கதவுக்குப் பக்கத்தில் ஆணி, இல்லைன்னா ஷூ ரேக் மேல். எங்க வீட்டில் அளந்து பார்த்தேன். கேட்டில் இருந்து ஆணிக்கு நாலரை மீட்டர். கட்டுரையின் எட்டு மீட்டருக்குள் தாராளமாக வருது.

ஆனால் வாட்ஸப் செய்தியையும் அப்படியே விட முடியாது. நம் நாட்டில் கீலெஸ் வண்டி திருடு போனாலே "சிக்னலைப் பிடிச்சுட்டான்" என்று போடுகிறார்கள். 2025 ஜூனில் டெல்லி சஃப்தர்ஜங் என்க்ளேவில் ஒரு கிரெட்டா ஒரு நிமிஷத்தில் போன சிசிடிவி காட்சி பரவியதே, அதை நிதானமாகப் பாருங்கள். கண்ணாடியை உடைத்து, உள்ளே ஒரு கருவியை வைத்து வேலை பார்க்கிறார்கள். இது ரிலே இல்லை. சர்வீஸ் சென்டருக்காக விட்டிருக்கும் ஓபிடி போர்ட் போன்ற வழியில் புகுந்து வண்டியை ஏமாற்றும் வகை. இதற்கு சில்வர் பேப்பர் பத்து சுற்று சுற்றினாலும் பயனில்லை, ஏன்னா உங்க சாவியே அதில் கலந்துகொள்ளவில்லை. ரெண்டையும் ஒண்ணாக்கிப் பேசினால், ஒன்றுக்குச் சொல்ல வேண்டிய பரிகாரத்தை இன்னொன்றுக்குச் சொல்லிக்கொண்டிருப்போம்.

ரிமோட் ஸ்டார்ட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கத்திரி வெயிலில் ஸ்டேஷன் பார்க்கிங்கில் விட்ட வண்டிக்கு ரயிலில் வரும்போதே ஏசி போடுவது நல்ல சுகம், மறுக்கவில்லை. போனில் அமுக்கினால் கட்டளை நிறுவனத்தின் சர்வருக்குப் போய், வண்டியில் உள்ள இ-சிம் வழியாக இறங்கும். தூரம் என்ற கேள்வியே கிடையாது, சர்வரை நம்புகிறோம். 2024-ல் அமெரிக்காவில் சாம் கறி குழுவினர், கியாவின் டீலர் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக, வெறும் நம்பர் பிளேட்டை வைத்தே வண்டியைத் திறக்கவும் ஸ்டார்ட் செய்யவும் முடிந்ததைக் காட்டினார்கள். பிறகு அது அடைக்கப்பட்டது. இப்படி ஸ்டார்ட் ஆன வண்டியை ஓட்டிக்கொண்டு போக, பொதுவாக சாவி கேபினுக்குள் இருக்கணும். இல்லைன்னா இன்ஜின் அணைஞ்சுடும். பாதுகாப்பு மாதிரிதான் தெரியும். ஆனால் அந்தக் கடைசிச் சோதனையும் மேலே சொன்ன அதே ஊகம்தான்.

எனக்குக் கோபம் வருவது தீர்வு தெரிந்தும் வராததால். தூரத்தை நேரத்தால் அளக்கும் நெறிமுறையை பிராண்ட்ஸ், சாம் என்ற இருவர் 1993-லேயே எழுதிவிட்டார்கள். மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் கீலெஸ் வந்தது அதற்குப் பல வருஷம் கழித்து. ஆக, வியாதிக்கு முன்னாடியே மருந்து இருந்தது. ஒரு நானோசெகண்டுக்கு 30 சென்டிமீட்டர் என்ற துல்லியத்தில் அளக்க, மலிவான சிப் அப்போது இல்லை என்பது நியாயமான சாக்கு. இப்போ அல்ட்ரா வைட்பேண்ட் சிப் போனிலேயே வருது. டாடாவின் கையில் இருக்கும் ஜாகுவார் லேண்ட் ரோவர் 2018 வாக்கிலேயே அதைச் சாவியில் போட்டு, ஜெர்மனியின் அடாக் சோதனையில் தாக்குப்பிடித்தது. சிப் இருந்தால் மட்டும் போதாது என்பதும் உண்மை. 2024-ல் கோகோபைட் என்ற சீனக் குழு புது டெஸ்லா மாடல் 3-ஐ ரிலேயில் திறந்தது. சிப் உள்ளே இருந்தும் தூரத்தைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்தவில்லை. இன்னும் எளிய வழியும் உண்டு. 2019-ல் ஃபோர்டு பிரிட்டனில் கொடுத்த சாவி 40 விநாடி அசையாமல் இருந்தால் தூங்கிவிடும். ஆணியில் தொங்கும் சாவிக்கு அது போதும்.

பிரிட்டனில் தாட்சம் என்ற அமைப்பு 2019-ல் இருந்து கீலெஸ் பாதுகாப்புக்குத் தரம் போட ஆரம்பித்தது. நம்ம பாரத் என்சாப் நட்சத்திரங்கள் மோதலைப் பற்றியவை மட்டும். பூட்டுக்கு நட்சத்திரம் இல்லை. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் லட்சக்கணக்கில் வண்டி செய்கிறோம், ஒரகடத்திலேயே மத்திய அரசின் ஆட்டோமொபைல் ஆராய்ச்சி மையம் இருக்கு. ரெண்டு ஆன்டெனா வைத்து ஒவ்வொரு மாடலையும் சோதித்து முடிவை வெளியிட எவ்வளவு நேரம் ஆகும்?

நான் வீட்டில் செய்த சோதனை இது. மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் சாவியைப் போட்டு, டப்பாவோடு கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். திறக்கலை. மூடியை லேசாகத் தூக்கினதும் திறந்தது. சில்வர் பேப்பர் ஒரு சுற்றில் சில தடவை திறந்தது, மூணு சுற்றில் திறக்கலை. பெரியவரிடம் போய் "நீங்க கேட்டதுதான் சார் சரி" என்று சொல்லிட்டு வந்தேன். "அதான் அன்னைக்கே சுத்திட்டேனே" என்றார்.

டப்பாவை விட நல்லது, கைப்பிடி தொட்டுத் திறக்கும் வசதியையே அணைப்பது. எங்க வண்டியில் அதற்கு ஒரு வழி இருக்கு. ஷோரூமில் கேட்டபோது அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னாங்க. கையேட்டில் சாவி பேட்டரி மாற்றும் பக்கத்துக்குக் கீழே, பேட்டரியை மிச்சம் பிடிக்கும் வழி என்று ரெண்டு வரியில் கிடந்தது. உங்க கையேட்டிலும் அந்தப் பக்கத்தில் தேடிப் பாருங்க. கிடைத்தால் மாடல், வருஷத்தோடு எனக்கு எழுதுங்க, ஒரு பட்டியல் போட்டு வைக்கிறேன்.