செப்புக்குள் பந்து

பிறந்தநாள் விழாவுக்கு மேஜிக் செய்பவரைத் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "முயல் வருமா?" கேட்க வேண்டியது, மேடை வித்தையா, கை வித்தையா என்பது. பிள்ளைகள் சுற்றிலும் உட்காரும் வீட்டுக் கூடத்தில் பெட்டி வித்தைகள் பக்கவாட்டில் பல்லிளித்துவிடும்.

அங்கே செப்படி வித்தைக்காரர்தான் ராஜா. மூன்று செப்பு, சில பந்து. ஒரு செப்பைத் தூக்கியதும் அவர் கண் பந்துமேல் போகிறது. பிள்ளைகளின் கண்ணும் பின்னாலேயே போகிறது. அதற்குள் மறு கை வேலையை முடித்துவிடும்.

மேடைக்காரர் சங்கதி வேறு. 1956இல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் மேடை வித்தைக்காரர் பி.சி. சர்க்கார் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்தார். அவள் எழுந்து நிற்பதைக் காட்டுமுன் நிகழ்ச்சி முடிந்துவிட்டது. பதறிப்போன நேயர்கள் தொலைபேசியில் மொய்த்துவிட்டார்கள்!

முன்பணம் கொடுக்குமுன் ஒரு முழு நிகழ்ச்சியின் வீடியோவைக் கேட்டு வாங்கலாம். வெட்டி ஒட்டிய ஒரு நிமிடத் துண்டில் எல்லோருமே சர்க்கார்தான். மேடைக்கு வந்த குழந்தை மிரண்டு அழும்போது வித்தைக்காரர் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்தால் போதும், கை வேகம் அப்புறம்.

நேரம், சாப்பாட்டுக்கு முன். பிரியாணி வாசம் வந்துவிட்டால் எந்தப் புறா பறந்தாலும் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.