வாக்குறுதியின் வினைமுற்று

நிகாஹ் மஜ்லிஸில் மணமகன் 'ஏற்றுக்கொள்வேன்' என்றால் மணம் நிறைவேறாது. 'ஏற்றுக்கொண்டேன்' என்றே சொல்லல் வேண்டும். வணிகத்திலும் 'விற்றேன்', 'வாங்கினேன்' என்னும் இறந்தகால வினைகளால் ஒப்பந்தம் உறுதிப்படும். 'விற்பேன்' என்பது வெறும் வாக்குறுதியே என்பர் ஹனஃபி சட்ட அறிஞர். வினையின் காலம் மாறினால் கடமையும் மாறிவிடுகிறது.

தமிழிலக்கணமும் இந்நுட்பத்தை அறியும். இனி வரவிருப்பவன் 'இதோ வந்துவிட்டேன்' என்பதை நன்னூலார் கால வழுவமைதியாக ஏற்றார். விரைவையும் தெளிவையும் அதற்குரிய காரணங்களுள் வைத்தார்.

இவ்வளவுகோலை அரசியல் மொழிக்குப் பொருத்திப் பார்ப்போம். தேர்தல் காலத்தில் தென்காசிக் கடைவீதியிலும் குற்றாலச் சாலையிலும் நம் கைக்கு வரும் துண்டறிக்கைகளைச் சற்றே நின்று படியுங்கள். 'செய்வோம்' என்பதில் செய்பவர் விகுதியிலேயே நிற்கிறார். நாளை அவரைக் கேட்கலாம். 'செய்யப்படும்' என்பதில் அவர் மறைகிறார். 'ஆவன செய்யப்படும்' என்பதில் இன்ன செயல் என்பதும் மறைகிறது. 'பரிசீலிக்கப்படும்' என்பதிலோ எண்ணிப் பார்ப்பது மட்டுமே எஞ்சுகிறது.

1967 தேர்தலில் எழுந்த 'மூன்று படி இலட்சியம். ஒரு படி நிச்சயம்' என்ற முழக்கத்தில் வினையே இல்லை. ஆயினும் விருப்பம் வேறு, வாக்கு வேறு என்று பிரித்துக் காட்டிய நேர்மை அதில் உண்டு. ரூபாய்க்கு ஒரு படி அரிசி சென்னையிலும் கோவையிலும் வழங்கப்பட்டது, மாநிலமெங்கும் பரவவில்லை. யார், எங்கே, எப்போது தருவார் என்பதைச் சொல்ல ஒரு வினைமுற்று இல்லாத குறை அப்போதுதான் புலனாயிற்று.

செயப்பாட்டு வினையெல்லாம் வஞ்சகமென்று சொல்லிவிடலாகாது. ஆட்சிமொழியின் இயல்பு அது. தென்காசி தனி மாவட்டமாகும் என்று 2019 ஜூலை 18ஆம் நாள் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. நவம்பர் 22இல் மாவட்டம் தொடங்கியது. நான்கு திங்களில் எதிர்காலம் இறந்தகாலமாயிற்று. ஆகவே சொல்லை மட்டுமன்றி, சொன்ன இடத்தையும் குறித்த நாளையும் சேர்த்தே எடைபோடல் வேண்டும்.

அரசியலாரை அளக்கும் கோலால் நம்மையும் அளந்துகொள்வோம். இறைநாட்டத்தைச் சேர்க்காமல் 'நாளை செய்வேன்' என்னலாகாது என்று திருமறையின் அல்கஹ்ஃப் அத்தியாயம் கற்பிக்கிறது. அது செய்யத் துணிந்தவனின் பணிவு. நாமோ கொடுக்க மனமில்லாத கடனுக்கும், போக எண்ணாத விருந்துக்கும் 'இன்ஷா அல்லாஹ்' என்கிறோம். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை, அது 'இல்லை' என்பதற்கு இன்னொரு சொல் என்றே கற்றுக்கொள்கிறது. மேடையில் மறையும் எழுவாய் முதலில் நம் வீட்டுத் திண்ணையில்தான் மறைகிறது.