மூடிய அரங்கில் மெல்லிய காலணி: யோனெக்ஸ் ஏரஸ் இசட்

இறகுப்பந்தின் எடை 4.74 முதல் 5.50 கிராம் வரையே இருப்பதால் சிறு காற்றும் அதன் பாதையை மாற்றிவிடும். ஆகவே திருமுல்லைவாயில், அம்பத்தூர், ஆவடி வட்டாரத்து உள்ளரங்குகளில் காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தியே ஆட வேண்டியிருக்கிறது. கூரையிலிருந்து இறங்கும் வெப்பத்தோடு சென்னையின் ஈரப்பதமும் சேர்கையில் வியர்வை எளிதில் ஆவியாகாமல் காலுறையிலேயே தேங்குகிறது. இச்சூழலில் ஆடுவோருக்கான காலணியை மதிப்பிடும்போது, எடைக்குறைவுக்கும் முன்னதாகக் காற்றோட்டத்தையே முதல் அளவுகோலாகக் கொள்வது பொருந்தும்.

ஜப்பானின் யோனெக்ஸ் நிறுவனம் எடைக்குறைவை முதன்மையாகக் கொண்டு உருவாக்கிய ஏரஸ் வரிசையைச் சேர்ந்த ஏரஸ் இசட், 26 செ.மீ. அளவில் ஏறத்தாழ 270 கிராம் எடையுடையது. உறுதிக்கு முதலிடம் தரும் காலணிகள் பல 300 கிராமைத் தாண்டுகின்றன. இதன் மேற்பகுதி பெரும்பாலும் 'மெஷ்' எனப்படும் துளைகள் கொண்ட வலைத்துணியால் ஆனது. மேற்பகுதிக்கும் தரையைப் பற்றும் ரப்பர் அடிப்பகுதிக்கும் இடையே அமைந்து, குதித்து இறங்கும்போது ஏற்படும் அதிர்வை ஏற்றுக்கொள்ளும் நுரை அடுக்கு 'மிட்சோல்' எனப்படும்.

காற்றோட்டத்தில் இக்காலணி தன் நோக்கத்தை நன்றாகவே நிறைவேற்றுகிறது. பாதத்தின் அசைவால் உள்ளிருக்கும் சூடான காற்று வலைத்துணியின் வழியே வெளியேறுவதால், தோல் போன்ற செயற்கைப் பொருளால் மூடப்பட்ட காலணிகளைவிட உள்ளே புழுக்கம் குறைகிறது. ஈரமான பாதம் காலணிக்குள் வழுக்குவதே கொப்புளங்களுக்கு முக்கியக் காரணம் என்பதால் இது வெறும் சொகுசு அன்று. ஆயினும் வியர்வையை உறிஞ்சித் தேக்கும் தடித்த பருத்திக் காலுறையை அணிந்தால் இந்த நன்மையின் பெரும்பகுதி வீணாகும்.

எடைக்குறைவின் பயனை அளவறிந்தே மதிக்க வேண்டும். ஒவ்வொரு காலணியிலும் 100 கிராம் கூடினால் ஓடுபவரின் ஆற்றல் செலவு ஏறத்தாழ 1 சதவீதம் உயரும் என்று ஓட்டம் பற்றிய ஆய்வுகள் காட்டுவதால், 30, 40 கிராம் குறைவது மட்டுமே களைப்பைப் பெரிதும் தணித்துவிடாது. எதிராளி பந்தை அடிக்கும் தருணத்தில் இரு கால்களாலும் சிறிதே துள்ளி, எத்திசைக்கும் பாயத் தயாராகும் 'ஸ்ப்ளிட் ஸ்டெப்' அசைவில்தான் அதன் அருமை தெரிகிறது; காலுக்கு இடையூறாக எதுவும் இல்லை என்ற உணர்வு, அடுத்த அடியைத் தயக்கமின்றி எடுத்துவைக்கத் துணைசெய்கிறது.

இந்த இலகுவுக்கு ஒரு விலையும் உண்டு. மெல்லிய மேற்பகுதி பாதத்தை இருபுறமும் இறுக்கிப் பிடிப்பதில்லை என்பதால், பக்கவாட்டில் பாய்ந்து சட்டென நிற்கையில், உடல் எடை மிகுந்தோருக்கும் கணுக்கால் வலுவற்றோருக்கும் போதிய பிடிமானம் கிடைக்காது. வலைக்கருகில் விழும் பந்தை எடுக்க ஒரு காலை நீட்டி முன்பாயும் 'லஞ்ச்' அசைவில் பின்காலின் பெருவிரல் பக்கம் தரையில் உரசுவதால், காலை இழுத்தாடும் பழக்கமுள்ளோரின் காலணி அவ்விடத்தில் விரைவாகத் தேயும்.

பராமரிப்பும் ஆட்டத்தைப் போலவே கவனம் கோருவது. இவ்வட்டாரத்தின் வழியே செல்லும் சி.டி.எச். சாலையின் புழுதியில் நடந்த அடிப்பகுதி செயற்கை விரிப்பில் பிடியை இழக்கும் என்பதால், காலணியைப் பையில் எடுத்துச் சென்று அரங்கிலேயே அணிய வேண்டும். ஆட்டம் முடிந்ததும் பையில் அடைத்துவைக்காமல், நேரடி வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் உலர்த்தினால் பசையும் நுரையும் நெடுநாள் நிலைக்கும்.

கால் நகர்வை முறையாகப் பயின்றவராகவும் மெலிந்த உடல்வாகு உடையவராகவும் இருக்கும் ஆட்டக்காரருக்கு, குறிப்பாகத் தம் பக்கத்து ஆடுகளம் முழுவதையும் தனியே காக்க வேண்டிய ஒற்றையர் ஆட்டத்தினருக்கு, ஏரஸ் இசட் மிகப் பொருத்தமானது. புதிதாகப் பழகுவோரும் ஏற்கெனவே கணுக்காலில் காயமுற்றோரும் சற்றுக் கனமானாலும் பாதத்தை உறுதியாகத் தாங்கும் காலணியைத் தேர்வதே நல்லது. புழுக்கம் ஆட்டத்தின் இன்பத்தைக் குறைக்கலாம், ஆனால் பிசகிய கணுக்கால் ஆட்டத்தையே நிறுத்திவிடும்.