வாடகை வீட்டில் குடியிருக்கும் கலை

ஒரு கலைஞரின் இணையதளத்தை நாம் விசிட்டிங் கார்டு மாதிரிதான் பார்க்கிறோம். கொஞ்சம் படங்கள், ஒரு தன்குறிப்பு, கண்காட்சிப் பட்டியல், மின்னஞ்சல் முகவரி. "சைட்டை அப்டேட் பண்ணணும்ப்பா, நேரமே இல்ல" என்பது ஓவியர்களின் நிரந்தரப் புலம்பல். விமர்சகர்களும் அதைக் குமாஸ்தா வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எதை வைப்பது, எதைத் தூக்குவது, பழையதை எந்த உருவில் தொடரவிடுவது என்பதெல்லாம் அழகியல் முடிவுகள். தளமே படைப்பாகிவிடும் இணையக் கலையில் இது பட்டவர்த்தனமாகத் தெரியும்.

மாஸ்கோவில் பிறந்த ஓலியா லியாலினா 1996இல் உருவாக்கிய 'மை பாய்ஃப்ரெண்ட் கேம் பேக் ஃப்ரம் த வார்' படைப்பை எடுத்துக்கொள்வோம். கறுப்புத் திரை, சில கறுப்பு வெள்ளைப் படங்கள், போரிலிருந்து திரும்பியவனுக்கும் காத்திருந்தவளுக்கும் இடையே ஒட்டாத பேச்சு. நாம் சொடுக்கச் சொடுக்கத் திரை கட்டம் கட்டமாகப் பிளந்து சிறுத்துக்கொண்டே போகிறது. இருவருக்கும் இடையிலான முறிவைப் பக்கமே நடித்துக் காட்டுகிறது. இதற்குப் பயன்பட்ட 'ஃப்ரேம்' நுட்பம் இன்றைய எச்.டி.எம்.எல். தரத்தில் கிடையாது. உலாவிகள்தான் பெரிய மனசு பண்ணித் தாங்கிக்கொண்டிருக்கின்றன. இதை மொபைலுக்கு ஏற்றபடி சீராக்கினால் படைப்பே செத்துவிடும், பிளவுதான் அதன் இலக்கணம்.

ஆனால் கைவைக்காமல் விட்டால் மட்டும் அப்படியே இருந்துவிடுமா? மோடம் காலத்தில் ஒவ்வொரு சொடுக்குக்கும் காத்திருக்க வேண்டும். அந்தத் தாமதம் இருவருக்கும் இடையிலான மௌனமாகவும் இருந்தது. இன்று கண்ணிமைப்பதற்குள் எல்லாம் வந்து விழுகிறது. ஒரு வரி நிரல்கூட மாறவில்லை, படைப்பு மாறிவிட்டது.

இதற்கு எதிர்த்திசையில் போனது ஷூ லீ சாங்கின் 'பிராண்டன்'. 1993இல் நெப்ராஸ்காவில் கொல்லப்பட்ட திருநம்பி பிராண்டன் டீனாவை முன்வைத்து, 1998இல் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்காக உருவான படைப்பு இது. அதில் இருந்த ஜாவா ஆப்லெட்டுகளை உலாவிகள் பின்னாளில் கைவிட்டன. நியூயார்க் பல்கலைக்கழகத்தினருடன் சேர்ந்து அருங்காட்சியகம் அவற்றைப் புதிய நிரலால் ஈடுசெய்து மீட்டது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் அதற்கு ஒரு குகன்ஹைம் தேவைப்பட்டது என்பதையும் மறக்கக்கூடாது.

டச்சு-பிரேசிலியக் கலைஞர் ரஃபேல் ரோசெண்டாலின் வழி வேறு. அவர் ஒவ்வொரு படைப்பையும் தனித்தனி இணைய முகவரியில் வைத்து, முகவரியோடு சேர்த்தே விற்கிறார். தளம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், முகவரியை வாங்கியவர் புதுப்பித்துவர வேண்டும் என்று ஒப்பந்தம் போடுகிறார். வாங்கியவரின் பெயர் பக்கத்தின் தலைப்பில் வரும். கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' எழுதுகிற மாதிரிதான்! சிரிப்பு வந்தாலும், இருப்பதிலேயே நேர்மையான ஏற்பாடு இது என்பேன். இணையத்தில் யாருக்கும் சொந்த வீடு கிடையாது, எல்லோரும் வாடகை கட்டுகிறோம் என்பதை அது மறைக்கவில்லை. ஆனால் அந்த வாடகை ஒரு பணக்காரரின், அவருக்குப் பின் அவர் வாரிசுகளின் அக்கறையை நம்பி இருக்கிறது. அதுதான் அதன் பலவீனம்.

அருங்காட்சியகமும் இல்லாத, வாங்க ஆளும் இல்லாத கலைஞர் என்ன செய்வார்? 2009 அக்டோபரில் யாஹூ ஜியோசிட்டீஸை மூடியபோது லட்சக்கணக்கான பக்கங்கள் அழியவிருந்தன. ஆர்வலர்கள் ஓடி ஓடி நகலெடுத்ததில் ஏறத்தாழ ஒரு டெராபைட் மிஞ்சியது. லியாலினாவும் டிராகன் எஸ்பென்ஷீடும் அதைத்தான் இன்றுவரை ஆராய்கிறார்கள். 2020 டிசம்பர் 31உடன் அடோபி ஃப்ளாஷுக்கான ஆதரவை நிறுத்தியபோது இன்னொரு தலைமுறைப் படைப்புகள் ஆட்டம் கண்டன. இன்று பலர் தனித்தளமே வேண்டாம், இன்ஸ்டாகிராம் போதும் என்கிறார்கள். அங்கே வாடகை இல்லைதான். காலி செய்யச் சொன்னால் கேள்வி கேட்கும் உரிமையும் இல்லை.

ஆகவே நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். தளத்தைப் புதுப்பிக்கும் கலைஞர் ஒவ்வொரு படைப்புக்கும் ஆண்டைப் போடட்டும். எதை, எப்போது, ஏன் மாற்றினேன் என்று இரண்டு வரி எழுதட்டும். கூச்சம் தரும் ஆரம்பகால வேலைகளை அழிக்காமல் பின்கட்டில் எங்காவது வைத்திருக்கட்டும். விமர்சகருக்கும் ஒரு வேலை உண்டு. ஓர் இணையப் படைப்பைப் பற்றி எழுதும்போது, தான் பார்த்தது எந்த வடிவம், எந்தக் கருவியில், எந்த ஆண்டில் என்று குறிப்பிட வேண்டும். பதிப்பைச் சொல்லாமல் சங்கப் பாடலுக்குப் பாடபேதம் பேச முடியாது. இதற்கும் அதே நியாயம்தான்.