ஒரே புத்தகத்துக்கு இரண்டு பில்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் அடிப்படை விதிநூல் 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்'. 2024இல் அதன் புதிய பதிப்பு வந்தது. 384 பக்கம், கெட்டி அட்டை, பக்கத்துக்குப் பக்கம் வண்ண ஓவியம். அமெரிக்காவில் அட்டை விலை 49.99 டாலர். அதே நூலை 'டிஎன்டி பியாண்ட்' தளத்தில் திரையில் படிக்க வேண்டுமானால் 29.99 டாலர். கடையில் அச்சு நூலை வாங்கியவர் திரையிலும் வேண்டும் என்று நினைத்தால் அந்த 29.99ஐ முழுசாகக் கட்ட வேண்டும். கடை ரசீதைக் காட்டினாலும் ஒரு சென்ட் குறையாது. இரண்டையும் சேர்த்துப் பதிப்பகத்தின் தளத்திலேயே வாங்கினால் மட்டும் 59.99.

இந்த மூன்று விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையில் அச்சு நூல் இருப்பவருக்கு டிஜிட்டல் பிரதியைக் கூடுதலாக 10 டாலருக்குக் கொடுத்தாலும் கட்டுப்படியாகும் என்று பதிப்பகமே கணக்குப் போட்டிருக்கிறது. தெருமுனைக் கடையில் வாங்கியவரிடம் மட்டும் அதற்கு 30 டாலர் கேட்கிறது. நடுவிலுள்ள 20 டாலர், வேறிடத்தில் வாங்கிய குற்றத்துக்கான அபராதம் என்றுதான் எனக்குப் படுகிறது.

நாவலை யாரும் இப்படி இரண்டு வடிவத்தில் வாங்குவதில்லை. விதிநூலின் கதை வேறு. மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதையை நடத்துகிறார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டுகிறார்கள். ஒருவரின் வீரன் அரக்கன்மேல் பாய்ந்து அவனைக் கட்டிப்பிடிக்கிறான் என்று வையுங்கள். 2014 பதிப்பில் அதை எப்படிச் செய்வது என்பது சண்டை அத்தியாயத்தில் இருக்கும். பிடிபட்டவனுக்கு என்ன ஆகும் என்பது நூலின் கடைசியில், பின்னிணைப்பில். ஒருவர் இரண்டு விரலை இரண்டு பக்கத்தில் செருகிக்கொண்டு புரட்டிக்கொண்டிருப்பார். எதிரில் இருப்பவர் போனில் தட்டி விடையைச் சொல்லிவிடுவார். ஆனால் அதே ஆள், புதிதாக ஒரு பாத்திரம் உருவாக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக உட்காரும்போது அச்சு நூலைத்தான் எடுப்பார். படிக்க ஒன்று, தேட ஒன்று. ஆசைக்காக இரண்டு வாங்குகிறார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

தனித்தனியாகக் காசு வாங்குவதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 'காகிதமும் இல்லை, அச்சுக்கூலியும் இல்லை, அப்புறம் ஏன் காசு?' என்ற கேள்வியை விளையாடுபவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அதில் விவரம் போதாது. 50 டாலர் நூல் மொத்த விநியோகஸ்தர் வழியாகக் கடைக்குப் போனால் பதிப்பகத்தின் கைக்கு வருவது சுமார் 20 டாலர். அச்சு, கப்பல், கிடங்குச் செலவெல்லாம் அதற்குள்தான். 20 டாலருக்கு ஒரு பிடிஎஃப்பை டிரைவ்த்ரூ ஆர்பிஜி தளத்தில் விற்றால் தளத்தின் பங்கு 30 முதல் 35 சதவீதம். மிச்சம் 13, 14 டாலர். எழுதியவர், வரைந்தவர், விதிகளை ஆடிப் பார்த்துத் திருத்தியவர் எல்லோருக்கும் சம்பளம் இந்த இரண்டு வழியிலும்தான் வர வேண்டும். ஒரு விதிநூலின் பெரிய செலவு இவர்களுடையது; காகிதம் அதற்குப் பிறகுதான். டிஜிட்டல் மட்டும் போதும் என்பவருக்குத் தனி விற்பனை ஒரு வசதியும்கூட. அமெரிக்காவிலிருந்து ஒன்றரைக் கிலோ நூலைச் சென்னைக்கு வரவழைக்கும் தபால் செலவை ஒருமுறை விசாரித்துப் பார்த்தவர்கள் பிடிஎஃப்பை வாழ்த்துவார்கள்.

டிஎன்டி பியாண்ட் வெறும் பக்கங்களைக் காட்டும் தளமும் அல்ல. பாத்திரத்தின் வலிமையை மாற்றினால் அதைச் சார்ந்த எண்கள் எல்லாம் தானே மாறும். மந்திரத்தின் பெயரைத் தட்டினால் விவரம் திறக்கும். மாதச் சந்தா கட்டுகிற ஒருவர் தான் வாங்கிய நூல்களைத் தன் குழுவில் எல்லோருக்கும் திறந்துவிடலாம். இது அச்சு நூலின் நகல் இல்லை, ஒரு கருவி. அதற்குத் தனிக் கூலி கேட்பதில் தப்பில்லை.

தொடக்கத்தில் இந்த இரட்டை விலைக்கு ஒரு காரணமும் இருந்தது. 2017இல் தளத்தைத் தொடங்கியது 'கர்ஸ்' என்ற வேறு நிறுவனம். நூலை அச்சிட்டது ஹாஸ்ப்ரோவின் கையிலிருந்த விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட். இரண்டு முதலாளிகள், இரண்டு கல்லா. 2022இல் ஹாஸ்ப்ரோ 146.3 மில்லியன் டாலர் கொடுத்துத் தளத்தை வாங்கிப்போட்டது. அன்றோடு அந்தக் காரணம் செத்தது. அதே ஆண்டின் இறுதியில் டிராகன்லான்ஸ் கதைநூலோடு முதல் கூட்டு விற்பனை வந்தது. ஆனால் பதிப்பகத்திடம் நேரடியாக வாங்குபவருக்குத்தான் அந்தச் சலுகை. கடையில் வாங்குபவர் பழையபடியே இரண்டு பில் கட்டுகிறார்.

விலையைவிட எனக்கு உறுத்துவது, இரண்டாவது பில்லுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான். 'வோலோஸ் கைடு டு மான்ஸ்டர்ஸ்' என்ற அரக்கர் நூல் 2016இல் வந்தது. 2021 டிசம்பரில் பதிப்பகம் ஒரு திருத்தப் பட்டியல் வெளியிட்டு, அந்நூலில் சில இனங்களின் இயல்பை விவரித்த பகுதிகளை நீக்கியது. நீக்கியதற்குச் சொன்ன காரணம் எனக்கும் உடன்பாடானதுதான். ஒரு இனம் முழுதையும் பிறவியிலேயே கொடியதாக எழுதுவது பழைய வியாதி. ஆனால் ஏற்கெனவே காசு கட்டி வாங்கியவர்களின் டிஜிட்டல் பிரதியிலிருந்தும் அந்தப் பத்திகள் போயின. அலமாரியில் இருந்த அச்சுப் பிரதி அப்படியே இருந்தது. மறுவருடம் அந்த நூலைத் தளத்தில் புதிதாக வாங்கவே முடியாமல் போயிற்று.

2024 ஆகஸ்டில் இதைவிடப் பெரிதாக ஒன்று நடக்கப் பார்த்தது. புதிய பதிப்பு வருவதால் பழைய மந்திரங்களும் மாயப் பொருட்களும் பாத்திரத் தாள்களில் புதிய வடிவத்துக்கு மாற்றப்படும், பழையவை வேண்டுமானால் நீங்களே தட்டச்சு செய்துகொள்ளுங்கள் என்று தளம் அறிவித்தது. பாதி வழியில் நிற்கும் ஆட்டத்துக்கு நடுவே விதி மாறுவதை யார் பொறுப்பார்கள்? கூச்சல் கிளம்பியது, சில நாட்களில் பதிப்பகம் பின்வாங்கியது. பின்வாங்கியது நல்லதுதான். வாங்கிய நூல் வாங்கியபடியே இருப்பதற்கு வாசகர்கள் சத்தம் போட வேண்டியிருந்தது என்பது நல்லதில்லை.

பிடிஎஃப் அவ்வளவு மோசமில்லை. 2009 ஏப்ரலில், கள்ளப் பிரதி பரவுகிறது என்று 8 பேர் மீது வழக்குப் போட்ட கையோடு விசர்ட்ஸ் தன் பிடிஎஃப் விற்பனை மொத்தத்தையும் நிறுத்தியது. காசு கட்டியவர்கள் விற்பனைத் தளங்களிலிருந்து மறுபடி தரவிறக்கவும் முடியாமல் போனது. 2013 வரை கதவு திறக்கவில்லை. ஆனால் முன்பே இறக்கித் தன் கணினியில் வைத்திருந்தவரிடம் யாரும் எதையும் பிடுங்க முடியவில்லை. இன்றைய விதிநூல்களை விசர்ட்ஸ் பிடிஎஃப்பாக விற்பதே இல்லை. தளத்துக்குள் நுழைந்தால்தான் படிக்கலாம். விற்பனை விலை வாங்கிக்கொண்டு வாடகைக்கு விடுவது இது. இணையம் வழியே ஆடுபவர்களின் பாடு இன்னும் திண்டாட்டம். ரோல்20இல் ஒருமுறை, ஃபேண்டஸி கிரவுண்ட்ஸில் ஒருமுறை என்று அதே நூலுக்கு மூன்றாவது, நான்காவது பில்லும் உண்டு. ஒரு தளத்தில் கட்டியது மற்றதில் செல்லாது.

மற்ற பதிப்பகங்கள் என்ன செய்கின்றன? 'கால் ஆஃப் கதுல்ஹூ'வை 1981 முதல் வெளியிட்டுவரும் கேயாசியம், தன் தளத்தில் அச்சு நூல் வாங்குபவருக்குப் பிடிஎஃப்பை இலவசமாகக் கொடுக்கிறது. முதலில் பிடிஎஃப் வாங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு அச்சு நூல் கேட்டால், கட்டிய தொகையைக் கழித்துக்கொள்கிறது. சுவீடனின் ஃப்ரீ லீக்கும் அச்சோடு பிடிஎஃப் சேர்த்தே அனுப்புகிறது. 'பாத்ஃபைண்டர்' வெளியிடும் பைசோ நடுவில் நிற்கிறது. கடையில் வாங்கியவர் அங்கேயும் பிடிஎஃப்புக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். ஆனால் விதிகள் முழுவதும் 'ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ்' தளத்தில், நிறுவனத்தின் சம்மதத்தோடே, இலவசமாகக் கிடைக்கின்றன. தேடுவதற்கு அது போதும். விதிகளை இலவசமாகத் திறந்துவிட்டதால் பைசோ படுத்துவிடவில்லை. கெட்டி அட்டை நூல்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கடைக்காரருக்கும் சேர்த்து யோசித்த ஏற்பாடு ஒன்று உண்டு. 2010இல் ஈவில் ஹாட் முதலிய சிறு பதிப்பகங்கள் சேர்ந்து 'பிட்ஸ் அண்ட் மார்ட்டர்' என்று தொடங்கின. அதில் சேர்ந்த உள்ளூர்க் கடையில் அச்சு நூல் வாங்கினால், கடைக்காரரே பிடிஎஃப்பை வாங்கியவருக்கு அனுப்பிவிடுவார். நூலுக்குள் ரகசிய எண் ஒட்டி வைத்தால் யாராவது கடையிலேயே அதைப் படம் பிடித்துக்கொண்டு போவார்களே என்ற கவலை இதில் இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி மேசை போட்டுப் புது ஆட்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற கடைகள்தான் இந்தத் தொழிலுக்கு வாடிக்கையாளரை உருவாக்குகின்றன. கூட்டு விலையைத் தன் தளத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ளும் பதிப்பகம் அந்தக் கடையின் வாடிக்கையாளரைத்தான் இழுக்கிறது.

இந்த இலவசப் பிடிஎஃப் முறையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, மறைக்க வேண்டாம். அச்சு நூலைப் பழைய புத்தகமாக விற்றுவிட்டுப் பிடிஎஃப்பைத் தானே வைத்துக்கொள்ளலாம். ஒரு காசில் இருவர் படிப்பார்கள். பக்கத்தின் அடியில் வாங்கியவரின் பெயரை அச்சடிக்கும் வழக்கம் கள்ளப் பிரதியை இணையத்தில் ஏற்றுபவரைக் கொஞ்சம் தயங்கவைக்கும், இதைத் தடுக்காது. மறுபுறம், பிடிஎஃப்பைப் பழைய புத்தகமாக விற்கவும் வழியில்லை. வாங்கிய மின்னூலை உரிமையாளரின் அனுமதியின்றி இணையத்தில் மறுவிற்பனை செய்ய முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் தீர்ப்புச் சொன்னது. ஆக டிஜிட்டல் பிரதி, முதலில் வாங்கியவரோடு நின்றுவிடுகிறது. பதிப்பகத்துக்கு அதனால் நஷ்டம் வந்தால் நூலுக்கு ஒரு வாசகர் அளவில்தான். கேயாசியமும் ஈவில் ஹாட்டும் இதெல்லாம் தெரிந்துதான் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த அளவு நஷ்டத்தை ஹாஸ்ப்ரோவால் மட்டும் தாங்க முடியாது என்பதை நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.